ஐந்து மணித்தியாலமும் ஒரு காகமும்

போன சனிக்கிழமை நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? உடுப்புத் தோய்த்திருப்பீர்கள். பிள்ளையை நீச்சல் வகுப்புக்கு ஏற்றிப் போயிருப்பீர்கள். நான் நோர்வேயின் வடக்கு மூலையில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, ஒரு குட்டி ஊரில் நின்று காகம் தேடிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

எங்கள் மகள் அந்தப் பக்கத்தில் கடல் உயிரியல் படிக்கிறாள். அவளைப் பார்க்க நானும் கணவரும் மெல்பேர்னிலிருந்து கிளம்பி மூன்று விமானம் ஏறி இறங்கினோம். நாலாவதுக்காகக் காத்திருக்க வேண்டிய இடம்தான் அந்தக் குட்டி ஊர். லேயோவர் ஐந்து மணித்தியாலம். நான் மெல்பேர்னில், எங்கள் நோபல் பார்க் வீட்டில் இருந்தபோதே பிளான் போட்டுவிட்டேன் – துறைமுகம் பார்ப்பது, மரத்தால் கட்டிய தேவாலயத்தின் முன் படம் எடுப்பது, நல்ல கோப்பி ஒன்று குடிப்பது. லேயோவரை வீணாக்குகிற ஆளா நான்?

இறங்கியதும் இவருடைய போன் வைஃபையைப் பிடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இவருடைய அண்ணா ஒரு படம் அனுப்பியிருந்தார். வாழையிலை, சோறு, கறிகள், நடுவில் மாமியின், அதாவது இவருடைய அம்மாவின், படம். 'அம்மாவின்ர ஆட்டைத் திவசம் நல்லபடியா முடிஞ்சுது' என்று கீழே எழுதியிருந்தார். மாமி தவறி ஒரு வருஷம்.

"என்னப்பா, திதி நாளைக்கெல்லோ?" என்று இவர் என்னைக் கேட்டார்.

நாளைக்குத்தான். குசினிச் சுவரில் தொங்கும் கோயில் கலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டவள் நான். மகளின் வீட்டில் சமைத்துப் படைக்கலாம் என்று பயறும் அப்பளமும்கூடப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஆனால் அது மெல்பேர்ன் நேரத்துக்குக் கணித்த கலண்டர். அங்கே ஞாயிறாக விழுகிற திதி மற்ற ஊர்களில் சனியே வந்துவிடும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? எத்தனையோ வருஷமாக அந்தக் கலண்டரைப் பார்த்துத்தான் விரதம் பிடிக்கிறேன். உலகம் முழுவதற்கும் அதுதான் கணக்கென்று நினைத்துவிட்டேன் போல...

இவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போன வருஷம் மாமி தவறியபோது இவர் பைபாஸ் செய்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். பறக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெற்ற தாயின் செத்தவீட்டை வட்ஸ்அப்பில் பார்த்தார். அழவில்லை. அதற்குப் பிறகும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஆட்டைத் திவசத்தையாவது தன் கையால் செய்யவேண்டும் என்பதுதான் இந்த ஒரு வருஷத்தில் அவர் ஆசைப்பட்ட ஒரே விஷயம். அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

"ஒரு பிடி சோறு காகத்துக்கு வைச்சால் போதும்," என்றார். "அதுவரைக்கும் நான் ஒண்டும் சாப்பிடமாட்டன்."

இவருக்கு டயபிட்டீஸ். இறங்கியதும் சாப்பிடலாம் என்று காலைக் குளிசையை விமானத்திலேயே போட்டுவிட்டார். இனி வயிற்றுக்குள் ஏதாவது போயே ஆகவேண்டும்.

இருபது நிமிஷம் நடந்து ஊருக்குள் போனோம். செப்டெம்பர் கடைசிதான், ஆனாலும் காற்று காதைக் கடித்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கஃபே. இந்த ஊரில் சோற்றுக்கு எங்கே போவது? தயங்கித் தயங்கிக் கேட்டேன். கடைக்காரப் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். "இன்றைக்குச் சனிக்கிழமைதானே," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனார். அங்கே சனிக்கிழமைகளில் அரிசியைப் பாலில் அவித்துக் கஞ்சி காய்ச்சுவார்களாம். மேலே சீனி, கறுவா, நடுவில் ஒரு துண்டு பட்டர். எங்கள் பால்புக்கைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வையுங்களேன்.

இரண்டு கோப்பை வாங்கினோம். இவர் தன்னுடையதில் கொஞ்சத்தை ஒரு தட்டில் எடுத்துப்போய் வெளியே மதிலில் வைத்தார். உடனே வந்தன... கடற்புறாக்கள். ஒன்றல்ல, ஒரு பட்டாளம். இவர் கையை வீசி வீசித் துரத்தினார்.

"இங்கே காகமே இல்லையா?" என்று கடைக்காரப் பெண்மணியிடம் கேட்டேன்.

"இருக்கிறது. கூப்பிட்டால் வராது," என்றார். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நாங்களும் கிறிஸ்மஸுக்கு இதே கஞ்சியை வெளியில் வைப்போம். வீட்டைக் காக்கிற குட்டி மனிதருக்கு. பட்டர் இல்லாவிட்டால் அவருக்குக் கோபம் வரும்." சொல்லிக்கொண்டே போய், இவருடைய தட்டில் இன்னொரு துண்டு பட்டர் வைத்துவிட்டு வந்தார்.

அரை மணித்தியாலம் போயிற்று. காகம் வரவில்லை. அந்தக் குளிரிலும் இவருடைய நெற்றி வியர்த்தது, விரல்கள் நடுங்கின. கைப்பையில் கிடந்த டொபியை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, மாமி உயிரோட இருக்கேக்க உங்களுக்கு முதல் ஒரு நாளாவது சாப்பிட்டவவோ?"

டொபியைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டேன்.

"நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதானே அவ கோப்பையை எடுக்கிறவ? இப்ப மட்டும் உங்களைப் பட்டினி போட்டிட்டு வந்து முதல்ல சாப்பிடுவாவோ?"

இவர் தட்டை மதிலிலேயே விட்டுவிட்டு வந்தார். பிறகு வாங்கில் உட்கார்ந்து கரண்டியை எடுத்தார். ஒரு வாய், இரண்டு வாய்... முழுக் கோப்பையும் காலி. கடற்புறாக்கள் மதிலில் மிச்சம் வைக்கவில்லை. என் கோப்பையிலிருந்து இரண்டு கரண்டி அள்ளித் தட்டில் புதிதாக வைத்தேன்.

எங்கிருந்து வந்ததென்று தெரியாது. தலை கறுப்பு, உடம்பு சாம்பல். ஆனால் காகம்தான், சந்தேகமே இல்லை. தலையைச் சரித்து இவரை ஒருமுறை பார்த்தது. பட்டரை முதலில் கொத்தியது. பிறகு சோற்றை.

"நான் சாப்பிட்டு முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறா," என்றார் இவர்.

அவ்வளவுதான். ஒரு வருஷமாக அடைத்துக் கிடந்ததெல்லாம் உடைந்தது. நடுத்தெருவில், என் தோளில் முகத்தை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். துறைமுகமும் பார்க்கவில்லை, தேவாலயமும் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் இதைவிட நன்றாக ஐந்து மணித்தியாலத்தை நான் செலவழித்ததில்லை.

காகமும் பறந்து, இவரும் முகம் கழுவி வந்த பிறகுதான் எனக்குப் பசித்தது. கோப்பையின் அடியில் ஆறிக் கிடந்த கஞ்சியை மாமியைப் போலவே நானும் கடைசியாக வழித்துச் சாப்பிட்டேன் – இதை மட்டும் என் மகளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள், 'நீங்களுமா அம்மா?' என்று சண்டைக்கு வருவாள்.