கோல் கோடு

இன்று மதிலுக்கு அடிக்கச் சுண்ணாம்பு நீற்றினார்கள். அந்தச் சூட்டு வாசம் ஏறியதும் காலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்கு எழுத்து அதிகம் வராது, ஆனால் கோடு போட்டால் வளையாது. குன்னத்துகால் ஊரில் ஒரு ரப்பர் தோட்ட முதலாளி, நான்கு ஊருக்கு நான்கு அணி கட்டி, சம்பளத்துக்கு ஆள் வைத்து, அறுத்த வயலைச் சுற்றி ஓலை மறைத்து, டிக்கெட் போட்டுப் பந்துகளி, அதாவது கால்பந்து, லீக் நடத்திய காலத்தில், தேங்காய்ச் சிரட்டையில் சுண்ணாம்பெடுத்துக் குனிந்தே நடந்து களம் முழுக்கக் கோடு போட்டது பத்து வயதுக்காரியான நான்தான். கோல் காத்தது என் அண்ணன். மூன்றாம் வருடம் மலபாரிலிருந்து ஆட்டக்காரர்கள் இறங்க, அண்ணனை ஓலை வாசலில் டிக்கெட் கிழிக்க நிறுத்தினார்கள்.

"கோல் கோட்டையும் போடு மக்கா, ஆளுவ வாறாவ," என்றார் முதலாளி.

"எனக்க அண்ணன் நிக்காத இடத்துக்கு நான் போடமாட்டேன்."

"எலே, இவளுக்க திமிரப் பாத்தியா!" என்று முதலாளி அண்ணன் நின்ற வாசல் பக்கம் திரும்பினார்.

அண்ணன் டிக்கெட்டைக் கிழித்தபடியே சொன்னான்: "எனக்க தங்கச்சியாக்கும் மொதலாளி."

முதலாளி தானே போட்ட கோடு நெளிந்து கிடந்தது. பந்து அதைத் தாண்டியதா இல்லையா என்று அன்று தொடங்கிய அடிபிடியில் ஓலை மறைப்பு சாய்ந்தது, லீக்கும் சாய்ந்தது. அடுத்த வருடம் வயலில் மரச்சீனிக் கிழங்குச் செடி நின்றது.

மதில்காரர்கள் போனபின் ஒரு சிரட்டை அள்ளி முற்றத்தில் கோடு போட்டேன். வளையவில்லை. அதில் நிற்கத்தான் அண்ணன் இல்லை.