நீல விளக்கை நம்பிய தனக்கோடி

தனக்கோடியின் கதையை அவன் அக்கா ரத்தினம்மாளை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. தாய் போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினெட்டு. பகலெல்லாம் ஊதுபத்தி கம்பெனியில் பத்தி உருட்டிவிட்டு, கை கருத்து வந்து அவனுக்குச் சோறு போட்டவள் அவள்தான். பெண் பார்க்க வந்த பெருமாள்சாமியிடம், “தம்பியும் என்னோடதான் வருவான்” என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். “ஒரு தட்டு கூட வச்சா போச்சு” என்றாராம் அவர். அப்படி மாமா வீட்டில் வளர்ந்த பையன் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை கற்று, பெங்களூர் ஆடுகோடியில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டையும் பிடித்துவிட்டான்.

தொண்ணூற்றாறில் பெருமாள்சாமி சொந்தமாக ஒரு மெட்டடார் வேன் வாங்கினார். சுற்றுலா, கல்யாணம், கோயில் என்று சவாரி ஓட்டினார். வேனின் முன்பக்கம் பம்பருக்குக் கீழே மஞ்சள் கண்ணாடி விளக்கு இரண்டு மாட்ட வேண்டுமென்று மச்சானிடம் வந்தார்.

“பெரிய விளக்கை பிரைட்ல போட்டா கூடவே இதுவும் எரியணும். பனியில பிரைட் இல்லாம இது மட்டும் தனியாவும் எரியணும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மாமா. ரிலே போட்டா முடிஞ்சுது.”

ரிலே என்பது தீப்பெட்டி அளவில் ஒரு சதுரப் பெட்டி. மெல்லிய ஒயரில் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் உள்ளே டிக்கென்று ஒட்டிக்கொள்ளும். உடனே பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் வழியாக விளக்குக்குக் கரண்ட் பாயும். தனக்கோடி அந்தப் பெட்டிக்குப் பிரைட் ஒயரிலிருந்து ஒரு கிளை இழுத்தான். டாஷ்போர்டில் புதிதாக ஒரு சுவிட்சு வைத்து அதிலிருந்து இன்னொரு கிளை இழுத்தான். இரண்டையும் ஒரே முனையில் முறுக்கி டேப் சுற்றினான். வேன் சுவரைப் பார்த்து நின்றது. இவன் சீட்டில் உட்கார்ந்தபடியே சுவிட்சைத் தட்டினான். ரிலே டிக்கென்றது. சுவரில் வெளிச்சம் அடித்தது. டாஷ்போர்டில் நீல விளக்கும் எரிந்தது. நீலமும் எரிகிறது, அப்படியானால் வேலை சுத்தம் என்று இறங்கிவிட்டான். பிரைட் எரிந்தால்தான் அந்த நீலம் எரியும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு அவன் மனம் அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் பெருமாள்சாமி ஆட்களை ஏற்றிக்கொண்டு நந்திமலைக்குப் போனார். மேலே நல்ல பனி. மஞ்சள் விளக்குக்கான சுவிட்சைத் தட்டினார். மஞ்சளோடு பிரைட்டும் சேர்ந்து எரிந்தது. பனி வெள்ளைச் சுவராக எழுந்து நின்றது. ஓரத்துக் கல்லில் வண்டியை உரசி நிறுத்துவதற்குள் டாஷ்போர்டிலிருந்து புகை. உள்ளே இருந்தவர்கள் செருப்பை விட்டுவிட்டு இறங்கி ஓடினார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை, அது பெரிய புண்ணியம்.

அன்று மத்தியானமே சட்டைப் பையிலிருந்து உருகிப்போன சுவிட்சை எடுத்து ஷெட்டு ஸ்டூல்மேல் வைத்தார்.

“இன்னா மச்சான் இது? ஒயரிங்கா, அடுப்பா?”

தனக்கோடி அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தான்.

“வெள்ளிக்கிழமை குன்னூருக்குக் கல்யாண பார்ட்டி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பதினாலு பேரு. புதன்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா நாராயணசாமி ஷெட்டுல விட்டுடுவேன். கோவம் இல்லப்பா. ஏறுறவங்க உசிரு.”

நாராயணசாமி ஷெட்டு நாலு கடை தள்ளித்தான் இருந்தது. கூடப் பிறந்தவள் புருஷனே மச்சானை நம்பாமல் அங்கே போய் வண்டியை விட்டால், அதற்கப்புறம் ஆடுகோடியில் யார் தனக்கோடியிடம் சாவியைக் கொடுப்பார்கள்? அவன் பயம் அதுதான். அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்பது அதற்கு மேலே.

திங்கட்கிழமை புது சுவிட்சு மாட்டித் தட்டிவிட்டு, இந்தத் தடவை வண்டிக்கு முன்னால் வந்து நின்று பார்த்தான். பெரிய விளக்கு இரண்டும் முழுசாக எரிந்துகொண்டிருந்தன. ஓடிப்போய் அணைத்தான். அப்புறம்தான் விளங்கியது. இரண்டு கிளையையும் ஒன்றாக முறுக்கிவிட்டதால், சுவிட்சிலிருந்து வந்த கரண்ட் ரிலேவோடு நிற்காமல் பிரைட் ஒயரில் பின்னாலேயே ஏறிப் போயிருக்கிறது. பெரிய விளக்கின் பாரம் முழுக்க மெல்லிய ஒயர்மேல் விழுந்தால் உருகாமல் என்ன செய்யும்.

இரண்டையும் பிரித்துத் தனித்தனி சுவிட்சு வைத்தால் தீர்ந்தது. ஆனால் மாமா கேட்டது அதில்லை. கேட்டதைச் செய்யத் தெரியவில்லை என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. பிரேசர் டவுனில் டிவி ரிப்பேர் செய்யும் ரெமிஜியஸிடம் போனான். ரெமிஜியஸின் மனைவி அக்காவோடு ஒரே பலகையில் பத்தி உருட்டியவள், அந்தப் பழக்கம்.

விஷயத்தைக் கேட்டு ரெமிஜியஸ் சிரித்தார். “டயோடு போடுப்பா. ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. ஒவ்வொரு கிளைக்கும் ஒண்ணு. வெள்ளிக் கோடு இருக்கு பாரு, அது ரிலே பக்கம் இருக்கணும்.” நாலைந்து டயோடுகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். கறுப்பாக, மிளகை இழுத்து நீட்டியது போல இருந்தன. இதுவா அவ்வளவு கரண்டை மறிக்கும் என்று தனக்கோடிக்குச் சந்தேகம்தான்.

புதன்கிழமை பெருமாள்சாமி வந்து வண்டிக்கு முன்னால் கை கட்டி நின்றார். ரத்தினம்மாளும் கூட வந்திருந்தாள். சுவிட்சைத் தட்டினான். ஒன்றுமே எரியவில்லை. பிரைட் போட்டான். பெரிய விளக்கும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தன.

“அப்போ பிரைட்டும் சேர்ந்து எரிஞ்சுது, இப்போ தட்டினா மஞ்சளே போச்சு” என்றார் பெருமாள்சாமி. “நாராயணசாமி ஷெட்டு திறந்துதான் இருக்கு.”

“செத்த சும்மா இருங்களேன்” என்றாள் ரத்தினம்மாள். “பாத்துகினுதானே இருக்கான்.”

தனக்கோடி குனிந்து டேப்பைப் பிரித்தான். சுவிட்சுக் கிளையில் இருந்த டயோடின் வெள்ளிக் கோடு தப்பான பக்கம் திரும்பியிருந்தது. அறுத்துத் திருப்பிப் பற்றவைத்தான். பிரைட் போட்டான். நாலும் எரிந்தன. அணைத்தான். சுவிட்சைத் தட்டினான். மஞ்சள் மட்டும்.

பெருமாள்சாமி தலையை ஆட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை. “ஷெட்டுல போன வாரமும்தான் எரிஞ்சுது. நீயும் வா குன்னூருக்கு. எரிஞ்சா சேர்ந்தே எரியலாம்.”

வெள்ளிக்கிழமை அதிகாலை கிளம்பினார்கள். தனக்கோடி முன் சீட்டில், மடியில் தாம்பூலப் பையோடு. கூடலூர் தாண்டி மலை ஏறி, நடுவட்டம் நெருங்கும்போது மத்தியானம் மூன்று மணி. பனி திடீரென்று இறங்கி ரோட்டை மூடியது. பின்னால் பெண்களின் பேச்சு நின்றது. பெருமாள்சாமி சுவிட்சின்மேல் விரலை வைத்து, மச்சானை ஒரு பார்வை பார்த்துத் தட்டினார்.

தனக்கோடி வெளியே பார்க்கவில்லை. டாஷ்போர்டைத்தான் பார்த்தான். நீலம் வரவில்லை. கையைச் சுவிட்சின்மேல் வைத்துப் பார்த்தான், சூடு இல்லை. அப்புறம்தான் நிமிர்ந்தான். ரோட்டோரத்து வெள்ளைக் கோடு மஞ்சள் வெளிச்சத்தில் தரையோடு தரையாகத் தெரிந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பெருமாள்சாமி வளைவுக்கு வளைவு நிதானமாக ஏறினார். பின்னால் யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

நடுவட்டத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்த மைசூர் டாக்சிக்காரன் இறங்கி வந்து, மஞ்சள் விளக்கைக் குனிந்து பார்த்து, யார் செய்த வேலை என்று கன்னடத்தில் கேட்டான்.

“யாரு மாடித்து குரு இது?”

“நம்ம பாமைதா” என்றார் பெருமாள்சாமி. கன்னடத்தில் மச்சானை அப்படித்தான் சொல்வது. பிறகு ஆடுகோடியில் எந்தத் திருப்பம், எந்த மருந்துக்கடைக்கு எதிரே, தகரக் கூரையின் நிறம் என்ன என்பது வரை வழி சொன்னார். மைசூர்க்காரன் அதற்காகப் பெங்களூர் வருவானா மாட்டானா என்று அவர் யோசிக்கவே இல்லை.

தனக்கோடி பெஞ்சியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வடை சூடாக இருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டான்.