நார்கொண்டத்தில் பதினொன்று ஐந்துக்கு வந்த பறவை

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு போர்ட் பிளேரின் ஹேடோ துறையிலிருந்து கப்பல் கிளம்பியது. அங்கிருந்து நார்கொண்டம் தீவு கடல்வழியாக இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். மறுநாள் காலையில்தான் சேரும். தீவில் ஊர் இல்லை, கடை இல்லை, போன் எடுக்காது. ஒரு போலீஸ் நிலையமும் வயர்லெஸ்ஸும் உண்டு. அடுத்த கப்பல் இருபதாம் நாள், வெள்ளிக்கிழமை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். காட்டில் பறவை ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்குச் சமைப்பேன், சுமப்பேன், மணி பார்த்து நோட்டில் எழுதுவேன். எதற்கெடுத்தாலும் பயம் எனக்கு. இந்த முறையும் தீப்பெட்டி முப்பது, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாற்பது, கயிறு இரண்டு சுருள் எடுத்துக்கொண்டேன்.

"கட வைக்கப் போறீங்களாங்கண்ணா?" என்றாள் ரேவதி.

அவள்தான் ஆராய்ச்சியாளர், கோபிச்செட்டிபாளையத்துக்காரி. நார்கொண்டத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு இருவாச்சிப் பறவையைப் பார்க்கப் போகிறாள். அவளுடைய தோழி ஒருத்தி தென்துருவத்துப் பக்கம் பென்குவின் எண்ணுகிறாளாம். அங்கே மாதக்கணக்கில் கப்பலே வராதாம். 

கப்பல் கிளம்புமுன் அவளுடைய அப்பா போன் செய்தார். ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். பேசிவிட்டு என்னையும் கூப்பிடச் சொன்னார்.

"தம்பி, புள்ளைக்கு ஏதாச்சும்னா மறைக்காம சொல்லிப் போடோணும்."

"சொல்லுதேங்கய்யா" என்றேன்.

ஞாயிறு காலை ஏழரைக்குச் சின்னப் படகில் இறங்கினோம். கருங்கல் கரை. கடலிலிருந்து நேரே எழுந்து நிற்கும் மலை, உச்சியில் எப்போதும் மேகம். தீவு ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லை; ஆனால் ஏறினால் முழங்கால் கழன்றுவிடும்.

நாங்கள் பார்த்த கூடு இரண்டு மணி நேர ஏற்றத்தில், ஒரு பெரிய மரத்தின் பொந்தில் இருந்தது. பெண் பறவை உள்ளே போய் உட்கார்ந்து, வாசலைத் தன் எச்சத்தாலேயே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். முட்டை பொரித்துக் குஞ்சு வளரும்வரை ஆண்தான் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டும். செம்பழுப்புத் தலை அதற்கு. அது எத்தனை மணிக்கு வந்தது, என்ன பழம், எத்தனை என்று எழுதுவதுதான் எங்கள் வேலை.

"ஆண் வராமப் போச்சுன்னா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"உள்ள இருக்கறதுக்குத் தெரியாதுங்கண்ணா. காத்துட்டிருக்கும்."

அன்று முதல் ஆண் பத்து நிமிடம் தாமதித்தாலும் எனக்கு வியர்க்கும்.

மூன்றாம் வாரத் திங்கட்கிழமை, காலை ஒன்பது நாற்பது. ரேவதி மேலே கூட்டடியில் இருந்தாள். நான் தண்ணீர் பிடிக்க இறங்கியிருந்தேன். வயர்லெஸ் பார்க்கும் தாஸ், வங்காளி, நல்ல மனிதர், நிலையத்து வாசலிலிருந்து கை காட்டிக் கூப்பிட்டார். "சேவியர் பாய், இதர் ஆவ்."

வயர்லெஸ்ஸில் சேதி வந்திருந்தது. விடிகாலையில் ரேவதியின் அப்பா போய்விட்டார். மாரடைப்பு. வீட்டிலிருந்து கேட்டிருக்கிறார்கள்: மகள் வரும்வரை உடலை வைத்திருக்கவா, எடுத்துவிடவா?

நான் விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். வெள்ளி கப்பல். சனி காலை போர்ட் பிளேர். மதியம் சென்னை, அதற்குமேல் கோயம்புத்தூர், அங்கிருந்து கார். சனி நள்ளிரவாகும். முன்கூட்டி ஒரு கப்பலும் கிடையாது என்று தாஸ் விசாரித்துச் சொன்னார்.

"மேடம் ஸே பூச்சோ" என்றார். மேடத்தைக் கேள் என்கிறார்.

மலையைப் பார்த்தேன். அந்தச் சரிவில் அழுதுகொண்டு அவள் இறங்குவதை நினைத்தேன். கால் தவறினால்? நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தால்? இங்கே டாக்டர் ஏது?

"காத்திருக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. மேடத்துட்ட வெள்ளிக்கிழமை நானே சொல்லுதேன்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். தாஸ் உள்ளே போய் அதை அனுப்பினார். மதியம் பதில் வந்தது. நாளை காலை பதினொரு மணிக்கு எடுக்கிறார்கள்.

செவ்வாய் பதினொரு மணிக்குக் கூட்டடியில் இருந்தோம். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் மூச்சு விடுவதுபோல இறக்கைச் சத்தம். ஆண் வந்தது. ஊட்டும்போது ஒரு அத்திப்பழம் நழுவி ரேவதியின் தலையில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"எனக்கும் பங்கு குடுக்குது பாருங்க!" பிறகு என் மடியை எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, எழுதலையா? என்ன ஆச்சு உங்களுக்கு?"

"கண்ணுல தூசிம்மா."

நோட்டை வாங்கி அவளே எழுதினாள். 11.05. ஆண். அத்தி ஒன்பது, கீழே ஒன்று.

வெள்ளி காலை கடல் விளிம்பில் கப்பல் தெரிந்த பிறகுதான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் அனுப்பிய பதிலையும். அவள் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். அலை வந்து செருப்பை நனைத்தது. அப்போதும் எழவில்லை.

"என்னைக் கேட்டிருந்தாலும் எடுத்துருங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். "ஆனா அதை நான் சொல்லியிருப்பேங்கண்ணா."

 மறைக்க மாட்டேன் என்று அவள் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஹேடோ துறையிலேயே நின்றுவிட்டது.

கப்பலில் மேல்தட்டில் தனியாக இருந்தாள். தீவு மறையும் நேரத்தில் என்னிடம் வந்தாள்.

"எத்தனை மணிக்கு எடுத்தாங்க?"

"செவ்வாக்கெழம பதினொண்ணு."

நோட்டைப் புரட்டினாள். பக்கம் கிடைத்ததும் விரல் ஒரு வரியில் நின்றது. அவள் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்குத் துறை. விமான நிலையத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். பத்துபஸ்தி தாண்டும்போது, "கூட்டை இனி யார் பாப்பாங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "விடுங்க" என்றாள். விமான நிலைய வாசலில் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சாத்தம் துறையிலிருந்து எங்கள் வீடு இருக்கும் பம்பூஃபிளாட்டுக்கு ஃபெர்ரி. எல்லார் கையிலும் போன், எல்லாரும் ஏதோ ஒரு சேதியை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருபது நாள் சத்தமில்லாத இடத்தில் இருந்துவிட்டு வந்தவனுக்கு அது கடவுள் கொடுத்த வரமாகப் பட்டது.

வீட்டில் மகள் படுத்திருந்தாள். ஐந்தாவது படிக்கிறாள். கழுத்தெலும்பு தெரிந்தது.

"என்னட்டி ஆச்சு இவளுக்கு?"

"டெங்கு" என்றாள் மனைவி செல்வி. "நாலு நாள் பெரிய ஆஸ்பத்திரில. இப்ப சொகந்தான், பதறாதிய."

"வயர்லெஸ்ல ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீங்க அங்க இருந்துட்டு என்னத்தப் பண்ணப் போறீய? நெஞ்சு வெடிச்சுச் சாவீய."

 மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

"எப்ப சேத்த?"

"நீங்க போன ரெண்டாவது புதன், காலைல. தூக்கிட்டுத்தான் ஃபெர்ரி ஏறுனேன்."

இரண்டாவது புதன். அந்தக் காலையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? என்ன சாப்பிட்டேன், எதற்குச் சிரித்தேன்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நோட்டில் இருக்கும், மணியோடு, என் கையெழுத்தில். அந்த நோட்டு இந்நேரம் கடல் தாண்டிப் போயிருக்கும்.