மேலக்கால் ரோட்டில் போன வீடு

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த கையோடு, தைப் பனி விலகாத ஒரு காலையில் இது நடந்தது. இடம், மதுரை கோச்சடையிலிருந்து வைகையை ஒட்டி மேற்கே போகும் மேலக்கால் ரோடு. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பஸ்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பகல் கனவு காணும் வியாதி உண்டு. ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பஸ் முழுக்க நமக்கே நமக்கு இருந்தால், அதற்குள் அடுப்பும் கட்டிலும் இருந்தால், எந்த ஊரில் தூக்கம் வருகிறதோ அந்த ஊரில் நிறுத்திப் படுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். "ஒங்கப்பாவுக்குக் கால் தரையில பாவாது" என்று மகளிடம் சொல்லி என் மனைவி சிரிப்பாள்.

என் மனைவியின் தம்பி தனியார் மினிபஸ் டிரைவர். நான் அவனை மாப்ள என்று கூப்பிடுவேன். அவன் மேலக்கால் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்த வண்டி வருடக்கணக்காக ஓடித் தேய்ந்துவிட்டது. முதலாளி அதைப் பழைய இரும்புக்குப் போடப் போகிறார் என்று ஒருநாள் வந்து சொன்னான். என் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வேணாம்னு சொன்னா கேக்கவா போறீக" என்று மட்டும் சொன்னாள்.

கோச்சடையில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் வண்டி வந்து நின்றது. டிரைவருக்குப் பின்னால் இருந்த இரண்டு சீட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றினோம். தரையில் பிளைவுட் பலகை அடித்தோம். பின்பக்கம் கட்டில், நடுவில் அடுப்பு மேடை, கூரை மேல் தண்ணீர்த் தொட்டி, வெளிச்சத்துக்கு ஒரு சோலார் தகடு. நின்றுகொண்டு போகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பிகளை வெட்ட எனக்கு மனசு வரவில்லை, அப்படியே விட்டேன். வெளியே பெயின்டை மாற்றினோம். முன்னால் ஊர்ப் பெயர் எழுதும் பெட்டியும் அந்தப் பழைய ஹாரனும் மாறவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் அது இனி பஸ் இல்லை என்று எழுதி வாங்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

சாயங்காலம் ஆனால் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன். எஞ்சினைப் போட மாட்டேன். ஆனால் நான் போய்க்கொண்டே இருப்பேன். காலி மனையின் வேலிக்கருவேலம் மறைந்து, தெரியாத ஊர்களெல்லாம் கண்ணாடியில் வரும். எத்தனையோ கடற்கரைகளுக்கு அப்படிப் போய் வந்திருக்கிறேன்.

என் மனைவியின் கதை வேறு. மகளின் கல்யாணத்துக்குச் சில மாதங்கள் முன்பு அவள் போன ஷேர் ஆட்டோ பைபாஸ் ரோட்டில் கவிழ்ந்தது. கால் எலும்பு கூடிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டியிலும் ஏற மாட்டாள். எஞ்சின் அதிர்ந்தாலே உள்ளங்கை வேர்த்துவிடும். கடைக்கு, கோவிலுக்கு, எங்கே போனாலும் நடைதான். நடந்து போகிற தூரத்தில் மண்டபம் பிடித்துத்தான் மகளின் கல்யாணத்தையே நடத்தினோம். மகளைக் கொடுத்த ஊர் நிலக்கோட்டைக்குப் பக்கம், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அந்த வீட்டின் வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. டாக்டரிடம் கூட்டிப் போனேன், விபத்துகள் ஏன் நடக்கின்றன என்று உட்கார வைத்து விளக்கினேன், கெஞ்சினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ஆனால் நின்றிருந்த பஸ் அவளுக்குப் பிடித்துப்போனது. நல்ல நாள் பார்த்து அதற்குள் பால் காய்ச்சினாள். பால் பொங்கி வழிந்தபோது, இது வீடுதான் என்று முடிவாகிவிட்டது. அவள் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். காற்று நன்றாக வருகிறதென்று தையல் மிஷினைப் பஸ்ஸுக்குள் கொண்டுவரச் சொன்னாள். பழைய சேலையில் திரை தைத்தாள். கம்பிகளில் கரண்டிகள் தொங்கின. மசாலா டப்பாக்கள் உருளாமல் இருக்க அலமாரிக்குக் குறுக்கே நாடா வைத்துத் தைத்தாள். நிற்கிற வண்டியில் டப்பா எப்படி உருளும் என்று நான் கேட்கவில்லை. மத்தியானங்களில் அங்கேயே தூங்குவாள். வேப்பமரத்து நிழல் ஜன்னல் ஜன்னலாக அவள் மேல் நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நானும் அரைத்தூக்கத்தில் கிடப்பேன். "ஆனா ஒண்ணு, இது ஓடுச்சுன்னா நான் உள்ள இருக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

மகள் உண்டானாள். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடித்து அழைத்து வர நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, மகளுக்கு ரத்தப்போக்கு லேசாகக் கண்டது. பயணம் கூடவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் போனில், "நீயாச்சும் வாம்மா" என்று அழுதாள். என் மனைவி போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்து நின்றாள். பிறகு, "நடந்தே போயிரவாங்க?" என்று கேட்டாள்.

அன்று மாலை அவளே பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்து யோசித்தாள். வெளியே வந்து, "அவ தாய் வீட்டுக்கு வர முடியாது. தாய் வீடு அங்க போகலாம்ல" என்றாள். எப்போது வேண்டாமென்று தோன்றினாலும் திரும்பிவிட வேண்டும், மறுபேச்சுப் பேசக்கூடாது என்பது மட்டும் அவளுடைய நிபந்தனை.

அப்படித்தான் அந்தத் தைக் காலையில் கிளம்பினோம். மாப்ள லீவு போட்டுவிட்டு ஓட்ட வந்தான். என் மனைவி சீட்டில் உட்காரவில்லை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, தரையில் ஊன்றிய ஒரு கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி மாட்டுவண்டி வேகத்தில்தான் போனது. வெளியே ஒரே பனி. தென்னை மரங்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. நான் எத்தனை வருடமாகக் கண்ட கனவு அது. ஆனால் அவள் உதடு நடுங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அது வேண்டாம் என்றுதான் இருந்தது.

துவரிமான் கண்மாய் தாண்டியதும், "போதும். திரும்பிருவோம்" என்றாள். கண்ணைத் திறக்கவேயில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

மறுபேச்சுப் பேசவில்லை. வண்டியைத் திருப்ப இடம் பார்த்து மாப்ள மெதுவாக உருட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு புளியமரத்தடியில் பஸ் ஸ்டாப். கையில் கட்டைப்பையோடு நின்ற ஒரு அம்மா, பனிக்குள் எங்கள் வண்டியின் உருவத்தைப் பார்த்ததும் கையை நீட்டினார். மாப்ள அந்த ஸ்டாப்பில் எத்தனை வருடம் நிறுத்தியவன். அவன் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றதும் அந்த அம்மாவும் எத்தனையோ வருடப் பழக்கத்தில் விறுவிறுவென்று ஏறி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்தபடி நின்ற என்னிடம் காசை நீட்டினார்.

"மேலக்கால் ஒண்ணு. வெரசா போகச் சொல்லுங்கண்ணே, ஆடுக அவுத்து விடாம கத்திக்கிட்டுக் கெடக்கும்."

தரையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "இது பஸ் இல்லம்மா. வீடு."

அந்த அம்மா அப்போதுதான் சுற்றிப் பார்த்தார். அடுப்பு, தையல் மிஷின், காலண்டர், தொங்கும் கரண்டிகள். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், அல்லது வெட்கப்பட்டு இறங்கியிருப்பார்கள். அவர் பதறிப்போய்த் தன் காலைப் பார்த்தார்.

"ஆத்தீ, வீட்டுக்குள்ளயா செருப்போட ஏறிட்டேன்" என்று எழுந்து போய், படிக்கட்டு ஓரத்தில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்தவர், தரையில் உட்கார்ந்திருந்த என் மனைவியைப் பார்த்து, "ஏன் தாயி இப்புடி ஒக்காந்துருக்கீக, ஒடம்பு முடியலையா?" என்று கேட்டார்.

என் மனைவி சொன்னாள். ஆட்டோ கவிழ்ந்தது, மகள் படுத்திருப்பது, இவ்வளவு தூரம் வந்தும் முடியாமல் திரும்பப் போவது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். என்னிடம்கூட அவள் இப்படிச் சொன்னதில்லை. அந்த அம்மா பயப்படாதே என்று சொல்லவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு, "சரி தாயி, நான் எறங்கிக்கிறேன். ஒரு வாய் தண்ணி குடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் தண்ணீர் கேட்டால் என் மனைவியால் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, தம்பியிடம் திரும்பி, "அடுத்த பஸ் எப்ப வருமோ. இவுகள மேலக்கால்ல விட்டுட்டுத் திரும்புவோம்டா" என்றாள்.

வண்டி நகர்ந்தது. அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். அந்த அம்மா உட்காரவில்லை. "அடுப்பு எப்புடி ஆடாம நிக்குது?" என்று கேட்டார். என் மனைவி காட்டினாள். "இந்தத் திரை யாரு தச்சது?" அதையும் காட்டினாள். புது வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்டாமல் விட முடியுமா? அலமாரியின் நாடாவை இழுத்துக் காட்டினாள், மடக்கு மேஜையைத் திறந்து காட்டினாள். ஓடுகிற வண்டிக்குள் என் மனைவி வெறுங்காலோடு இங்கேயும் அங்கேயும் நடந்துகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி கலைந்து, வெயில் மஞ்சளாக வயலில் இறங்கியது. வீடு நிற்கிறது, வயல்தான் நடந்து போகிறது என்று எனக்குத் தோன்றியது. மூச்சுவிட்டால் கலைந்துவிடுமோ என்று அசையாமல் நின்றேன்.

மேலக்கால் வந்தது. அந்த அம்மா ஜன்னல் வழியே தன் ஸ்டாப்பைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். மாப்ள கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "ஓட்டு" என்று அவன் தோளைத் தொட்டேன். வெற்றிலைக் கொடிக்கால்களும் தென்னந்தோப்புகளும் தாண்டிப் போயின. அந்த அம்மா கட்டில் விரிப்பின் தையலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தென்கரை தாண்டி வைகைப் பாலம் தெரிந்தபோதுதான் என் மனைவிக்கு உறைத்தது. "மேலக்கால் வந்துருச்சா?"

"அது போயி எம்புட்டு நேரமாச்சு. வீடு பாத்த மும்முரத்துல எறங்க மறந்துட்டேன். பாலம் தாண்டி சோழவந்தான்ல எறங்கிக்கிறேன், தாயி" என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாலத்தில் ஏறினோம். கீழே மணலுக்கு நடுவே தண்ணீர் மெல்லிசாகப் போய்க்கொண்டிருந்தது. கொக்குகள் நின்றன. என் மனைவி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அதையெல்லாம் பார்த்தாள். பாலம் முடிந்தது. முன்பக்கம் திரும்பி, "டேய் தம்பி, நெலக்கோட்டைக்கு இன்னும் எம்புட்டு தூரம்?" என்று கேட்டாள். மாப்ள சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சோழவந்தானில் அவர் இறங்கும்போது, என் மனைவி குங்குமமும் ஒரு ரவிக்கைத் துணியும் கொடுத்தாள். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தன் பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார். புது வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூடாதாம். நான் பின்னாலேயே இறங்கிப் போய், ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"பயந்துக்கிட்டு இருக்குற பிள்ளைய நட்டநடுவுல விட்டுட்டு எறங்க மனசு வரலண்ணே. ஆடு கெடக்குது, கொஞ்சம் கத்தட்டும்" என்று சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், வந்த வழியே திரும்பும் பஸ்ஸுக்காக நின்றார்.

அன்று மகளின் வாசலில் வண்டி நின்றபோது, கட்டிலில் படுத்திருந்த மகள் ஜன்னல் வழியே தன் அம்மா இறங்கி வருவதைப் பார்த்தாள். பார்த்தவள் அழுதுகொண்டே சிரித்தாள். சம்பந்தி வீட்டை ஒட்டிய நெல்லடிக்கும் களத்தில் எங்கள் பஸ் அந்தக் கோடை முழுவதும் நின்றது. என் மனைவி தினமும் அதில் சமைத்து மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பேத்தி பிறந்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து தாயும் பிள்ளையும் நேராகப் பஸ்ஸுக்குத்தான் வந்தார்கள். வண்டி முழுக்கப் பூண்டு வறுக்கும் வாசனையும் பால் வாசனையும். நான் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு எந்தக் கடற்கரைக்கும் போகாமல் பேத்தியின் அழுகையைக் கேட்டுக்கொண்டும் அவர்களைப் பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

அந்த அம்மாவைப் பிறகு தேடினோம். மேலக்காலில் இறங்கி விசாரித்தோம், பெயர் தெரியாமல் யாரென்று கேட்பது? வருடக்கணக்காக நான் சொன்ன புத்திமதிகளெல்லாம் செய்யாததை, அவர் பேச்சுத் துணையாக நாலு ஸ்டாப் கூட வந்து செய்துவிட்டார். இப்போதெல்லாம் யாராவது பயந்துபோய் நிற்பதைப் பார்த்தால் எனக்கு ஆறுதல் சொல்ல வாய் வருவதில்லை. நம் வேலை கொஞ்சம் கிடக்கட்டும், இவரோடு கொஞ்ச தூரம் போய்விட்டு வருவோம் என்றுதான் கால் நகர்கிறது.