புளியங்கொட்டை எழுத்துகள்

இன்று புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது, மாகறலில் இடித்துவிட்ட எங்கள் ஓட்டுப் பள்ளிக்கூடம் விரல் நுனியில் வந்து நின்றது. கண் சரியாகத் தெரியாத செல்விக்காக டீச்சர் புளியங்கொட்டைகளை எழுத்து வடிவில் அட்டைகளில் ஒட்டித் தந்திருந்தார்; அவள் நாளெல்லாம் அவற்றைத் தடவித் தடவிப் படிப்பாள். பக்கத்தில் நான். எனக்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனாலும் போர்டில் பார்த்த எழுத்து ஒன்றும் மனதில் நிற்காது. வகுப்பே என்னை மக்கு என்றது.

ஒருநாள் செல்வி ஓர் அட்டையை என் மடியில் வைத்து, “கண்ண மூடிக்கினு தடவிப் பாருடி. இன்னா எழுத்து?” என்றாள்.

தடவினேன். “ம” என்றேன். சரியாக இருந்தது.

டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் என் இடத்திலும் அட்டைகள் இருந்தன, பசை இன்னும் காயாமல்.