தாமதம் வேறு, வேகம் வேறு

ஒரு குழந்தையிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? எனக்கு இன்னும் தெரியவில்லை.

என் மகளுக்கு மூன்று வயது. பதில் சொல்லச் சுணங்குகிறாள், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு பிரெஞ்சு மட்டும் பேசிப் பாருங்கள் என்று அவள் போகும் கார்டெரியின், அதாவது குழந்தைகள் காப்பகத்தின், ஆசிரியை சொல்லிவிட்டார். அன்று மாலை மகளோடு மெட்ரோவில் வரும்போது பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அதைச் சொல்லிப் புலம்பினேன். குட்டை முடி, தொளதொளத்த குளிர்க்கோட்டு. டவுன்டவுனில் கணினிகளின் வேகத்தை அளப்பது அவர் வேலையாம். எதைக் கேட்டாலும் சற்றுக் கண்ணை மூடியிருந்துவிட்டே பேசினார்.

“நாங்கள் ரெண்டை வேற வேறயா அளப்பம். கேட்டதில இருந்து பதில் வரத் தொடங்கிறமட்டும் எடுக்கிற நேரம் லேட்டன்சி. ஒரு நேரத்துக்குள்ள எவ்வளவு வேலை முடியுது எண்டது த்ரூபுட். முதலாவது சுணங்கினாலும் ரெண்டாவது நல்லா இருக்கலாம்.”

பிறகு மகளிடம் குனிந்தார். “குஞ்சு, இண்டைக்கு ஸ்னோவில என்ன செய்தனீங்கள்?”

நான் பதிலை எடுத்துக்கொடுக்க வாய் திறந்தேன்.

“பொறுங்கோ அக்கா, நீங்கள் இடையில பூந்தா அளவு பிழைச்சிடும்” என்று சிரித்தார்.

பார்க் நிலையத்தில் கதவு திறந்து மூடியது. அவர் கண் மகளை விட்டு நகரவில்லை. திடீரென்று மகள் தொடங்கினாள். ஸ்னோவில் வீடு கட்டினதாம், அது விழுந்ததாம், தான் அழவே இல்லையாம். அடுத்த நிலையமான அகாடிவரை மூச்சுவிடாமல், எல்லாம் தமிழில்.

அந்தப் பெண் கையசைத்து இறங்கிப் போனார். ஒரு சிறு பிள்ளைக்காக அப்படிக் காத்திருந்த ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆனாலும் ஒரு முறை அளந்தது போதுமா? ஆசிரியைக்கு நான் முடிவு சொல்ல வேண்டும். இந்தப் பிரெஞ்சு ஊரில் பிள்ளை வளர்த்தவர்களே, வீட்டில் தமிழைத் தொடரட்டுமா? தயவுசெய்து எழுதுங்கள்.