சிவப்புப் பட்டனுக்கும் சேர்த்து

"போன வருஷ மாடல் லட்சத்துக்குள்ளதானே இருந்துச்சு?" என்றாள் மகள். கேமரா மாறியிருக்கிறது என்று சொல்லி, கடைக்காரர் போன் திரையில் ஒரு சிவப்பு வட்டத்தைக் காட்டினார். எனக்கு எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர் ஞாபகம் வந்துவிட்டது.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலேயே விலை கூடிய பொருள் அதுதான். மில் போனஸ் முழுவதையும் அப்பா அதில் போட்டிருந்தார். ஆனால் பாட்டு மட்டும்தான் கேட்பார். அந்தச் சிவப்புப் பட்டன் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாதுடா. அதுக்கும் சேத்துதான் காசு குடுத்திருக்கேன். தொடாத."

அவர் ஷிப்டுக்குப் போனதும் தொட்டேன்.

சாயங்காலம் அப்பா பாட்டுப் போட்டார். பல்லவி முடிந்ததும் பாட்டு அறுந்து, வாசலில் பேசும் அம்மாவின் குரல் டேப்பிலிருந்து கேட்டது. "இத்தினூண்டு சங்கராவுக்கு இவ்ளோ வெலையா?"

வீராம்பட்டினத்து மீன்காரம்மா சிரித்தார். "கடலுக்குப் போயி நீயே புடிச்சிக்கம்மா!"

அடி விழப்போகிறது என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அப்பா டேப்பைப் பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டார். அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த இடத்தைத்தான் போட்டுக் காட்டினார். அந்த கேசட் இப்போது இல்லை.

"இதுல குரல் பதியுமா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"உங்க கையில இருக்கறதுலயே பதியும் சார்."

தேடிப் பார்த்தேன். அதிலும் ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. வாங்கி நான்கு வருடமாகிறது, நான் தொட்டதே இல்லை.

மகள் விடுவதாயில்லை. "ஒரு கேமராவுக்கு இவ்ளோ வெலையாண்ணா?" என்று மறுபடி ஆரம்பித்தாள்.

வட்டத்தை அழுத்தினேன்.